24 நிமிஷமும் 400 நாளும்

“உங்கள் செஷன் முடிந்துவிட்டது. மீண்டும் உள்ளே நுழையவும்.”

கம்ப்யூட்டர் திரையில் தோன்றும் இந்த ஒரு வரியைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டுமா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியான விலை இல்லை. கூடலூர் ஜென்ம நிலப் பிரச்னை தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. தோட்டங்களில் லைன் வீடுகளின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு இணையதளத்தின் நுணுக்கம் நமக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் இந்தக் கோரிக்கைகள் ஒவ்வொன்றும் இன்று எந்த வாசல் வழியாகப் போக வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். பிராவிடண்ட் பண்டு கேட்க இணையதளம். ஓய்வூதியத்துக்கு இணையதளம். நல வாரியத்தில் பதிய, பதிவைப் புதுப்பிக்க, ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க, சாதிச் சான்றிதழ் வாங்க, பிள்ளையின் ஸ்காலர்ஷிப்புக்கு, எல்லாவற்றுக்கும் இணையதளம். முன்பு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றோம். இன்று திரைக்கு முன்னால் உட்கார்கிறோம். தாலுகா ஆபீஸில் குமாஸ்தா நம்மைத் திருப்பி அனுப்பினால் அவர் யார் என்று தெரியும். யாரிடம் புகார் செய்வது என்றும் தெரியும். திரை திருப்பி அனுப்பினால் யாரைக் கேட்பது? அதனால்தான் இந்த ஒரு வரி எங்கிருந்து வருகிறது, அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதைத் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. “டெக்னிக்கல் விஷயம்” என்று அதிகாரிகள் கை விரிக்கும்போது அது மெய்யா பொய்யா என்று சொல்ல நமக்குத் தெரிய வேண்டாமா?

விஷயம் ஒன்றும் மந்திரமல்ல. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பார்த்தவருக்கு அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

கொழுந்து பறிக்கும் பெண் ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை கூடையோடு நிறுவைக்கு வருகிறாள். நிறுப்பவர் புதியவர், ஒரு முகமும் நினைவில்லாதவர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் வந்து 12 கிலோ போட்டவள் மத்தியானம் மறுபடி வந்தால், அவருக்கு அவள் வேறொருத்தி. இந்த நிலைமையில் கணக்கு எப்படி நிற்கும்? ஒரே வழிதான். அவள் கையில் ஒரு எண் வில்லை இருக்க வேண்டும், ஆபீஸில் ஒரு பேரேடு இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவள் வில்லையைக் காட்ட, பேரேட்டில் அந்த எண்ணுக்குரிய பக்கத்தைத் திறந்து கிலோவைக் கூட்டி எழுத வேண்டும்.

இணையதளத்தைத் தாங்கி நிற்கும் சர்வர் என்ற யந்திரம் அப்படிப்பட்ட ஞாபகமில்லாத நிறுவைக்காரர்தான். பிரௌசருக்கும் சர்வருக்கும் இடையே பேச்சு நடக்கும் எச்.டி.டி.பி. என்ற முறையில் ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்தனி. முதல் பக்கத்தில் பெயரை எழுதிக் கொடுத்தவரும் இரண்டாம் பக்கத்தில் பாங்குக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுப்பவரும் ஒரே ஆள் என்பது அதற்குத் தானாகத் தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க 1994 இல் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் கம்பெனியின் இஞ்சினியர் லூ மாண்டுல்லி கண்டுபிடித்த எண் வில்லைக்குத்தான் ‘குக்கீ’ என்று பெயர். சர்வர் ஒரு சிறு சீட்டைப் பிரௌசரிடம் கொடுக்கிறது. பிரௌசர் அதை வைத்திருந்து, அடுத்த தடவை அதே தளத்துக்குப் போகும்போதெல்லாம் திருப்பிக் காட்டுகிறது. ஒழுங்காகக் கட்டிய தளத்தில் அந்தச் சீட்டில் பெயரோ ஆதார் எண்ணோ இருக்காது. யாரும் யூகிக்க முடியாத நீண்ட ஒரு எண் மட்டுமே இருக்கும். நாம் எழுதியதெல்லாம் சர்வரின் பேரேட்டில் அந்த எண்ணுக்குரிய பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கம் திறந்திருக்கும் காலத்துக்குத்தான் ‘செஷன்’ என்று பெயர்.

பக்கத்தை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது? இங்கேதான் அரசியல் தொடங்குகிறது.

தளம் கட்டுகிறவர்கள் மிகுதியாகக் கையாளும் கருவிகளில் ஒன்று பி.எச்.பி. அதன் அமைப்பில் யாரும் கை வைக்காமல் விட்டால், 1440 விநாடி, அதாவது 24 நிமிஷம் அசைவில்லாமல் கிடந்த பக்கத்தைக் குப்பை என்று எண்ணி அழித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி.நெட் கருவியில் இது 20 நிமிஷம். டாம்கேட் என்ற மற்றொன்றில் 30 நிமிஷம். பந்தலூரில் ஒரு தொழிலாளி தன் விண்ணப்பத்தை நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பார்த்துச் சொன்ன கணக்கல்ல இவை. எங்கோ, எப்போதோ, யாரோ ஒரு சௌகரியத்துக்குப் போட்ட எண்கள். காண்டிராக்ட் எடுத்த கம்பெனி அந்த எண்ணை மாற்றினால் மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். சர்க்கார் தரப்பில் அதைக் கேட்க ஒருவர் இல்லாவிட்டால் பெட்டியில் வந்த எண்ணே சட்டமாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய அநியாயம் ‘அசைவில்லாமல்’ என்ற சொல்லில் இருக்கிறது. அசைவு என்று சர்வர் எதை எண்ணுகிறது? நாம் எழுதுவதை அல்ல. ஒரு பக்கத்தை முடித்து ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்தி, அந்தச் செய்தி தனக்கு வந்து சேர்வதை மட்டுமே எண்ணுகிறது. ஒரு நீண்ட பக்கத்தில் நாற்பது கேள்விகள் இருக்கட்டும். ஒரு பெண் வேர்க்க வேர்க்க, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அரை மணி நேரம் நிரப்புகிறாள். அவள் ஒரு கணமும் சும்மா இருக்கவில்லை. ஆனால் அந்த அரை மணியும் சர்வருக்கு அவள் தூங்கிக்கொண்டிருந்ததாகக் கணக்கு! பொத்தானை அழுத்தியதும் வருகிறது அந்த ஒரு வரி. எழுதியதெல்லாம் போயிற்று. இலங்கைத் தோட்டங்களில் இருந்து வந்த குடும்பங்களின் பெரியவர்களுக்கு ‘அரைப் பேர்’ என்றால் என்னவென்று தெரியும். நாள் முழுக்க நின்றும் செக்ரோலில் பாதிக் கூலியே விழுவது அது. இங்கே அரைப் பேர் கூட இல்லை. முழுப் பேரும் வெட்டு.

இந்த மலையில் ஒரு விண்ணப்பத்தை நிரப்ப ஏன் நேரமாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்குள்ள தோட்டத் தொழிலாளரில் பெரும் பகுதியினர் 1964 ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களும் அவர்களுடைய வாரிசுகளும். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு சர்க்கார்களும், அந்த மக்களைக் கேட்காமலே, எண்ணிக்கை பிரித்துக்கொண்டன. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக எழுப்பப்பட்டதுதான் டேன்டீ தோட்டம். பாட்டன் பெயர் இலங்கைப் பத்திரத்தில் ஒரு விதமாக, ரேஷன் கார்டில் ஒரு விதமாக, ஆதாரில் மற்றொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். பிறந்த தேதி ஒன்றுக்கொன்று பொருந்தாது. தளம் கேட்கும் ஒவ்வொரு கட்டத்திலும் இவர்கள் நின்று, காகிதத்தைப் புரட்டி, எந்த எழுத்துக்கூட்டலைப் போடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆதிவாசி மக்களான பணியர், குறும்பர், இருளர் குடும்பங்களுக்கோ காகிதமே புதிது. பிறகு, செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண். பல வீடுகளில் பதிவு செய்த அந்தப் போன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனிடம் இருக்கிறது. அவன் மெஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்து எண்ணைச் சொல்வதற்குள் அந்த எண்ணின் ஆயுளும் முடிந்துவிடும்.

இதோடு மலையின் இயற்கையும் சேர்கிறது. ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்தால் மின்சாரம் இல்லை. பள்ளத்தில் இருக்கும் லைனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். கூடலூர், பந்தலூர் எல்லையோரத்தில் போன் திடீரென்று கேரளக் கோபுரத்தைப் பிடிப்பது சகஜம். இணைப்பு விட்டு மறுபடி வரும்போது போனின் இணைய முகவரி எண் மாறிவிடக்கூடும். சில தளங்கள் செஷனை அந்த முகவரி எண்ணோடு சேர்த்துக் கட்டிவைக்கின்றன. எண் மாறினால், திருடன் வந்துவிட்டான் என்று எண்ணி உண்மையான ஆளையே வெளியே தள்ளுகின்றன. பெரிய நகரத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. கோபுரம் விட்டுக் கோபுரம் தாவும் போனை வைத்திருக்கும் மலைவாசிக்குத்தான் தண்டனை.

“பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு” என்று பதில் வரும். இந்தப் பதிலை நாம் தட்டிக் கழிக்கக் கூடாது. அதில் உண்மை இருக்கிறது.

வில்லை யார் கையில் இருக்கிறதோ அவரே ஆள் என்று சர்வர் நம்புகிறது. எனவே வில்லை திருடு போனால் ஆளே திருடு போன மாதிரி. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்க இளைஞர் ஃபயர்ஷீப் என்ற சிறு கருவியை வெளியிட்டு இதை உலகுக்குக் காட்டினார். ஒரு காப்பிக் கடையில் பூட்டில்லாத வைஃபையில் பத்துப் பேர் இருந்தால், அவர்களுடைய குக்கீகளைக் காற்றிலேயே பிடித்து, ஃபேஸ்புக் கணக்கில் அவர்களாகவே நுழைய அந்தக் கருவி வழி செய்தது. பாஸ்வேர்டு தேவையே படவில்லை. பாஸ்வேர்டை மட்டும் சங்கேதமாக அனுப்பிவிட்டு வில்லையைத் திறந்த கையில் அனுப்பியதுதான் கோளாறு. அதற்கு மறு வருஷம், 2011 ஜனவரியில்தான், முழுப் போக்குவரத்தையும் சங்கேதமாக்கிக்கொள்ளும் வசதியை ஃபேஸ்புக் தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்தது. அம்பலப்பட்ட பிறகே அசைவது கம்பெனிகளின் குணம்.

நம் ஊரில் ஆபத்து வேறு ரூபத்தில் வருகிறது. குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு பிரௌசிங் சென்டரில் ஒரே கம்ப்யூட்டரில் நாளெல்லாம் ஐம்பது பேர் உட்காருகிறார்கள். ஒருவர் வெளியேறும் பொத்தானை அழுத்தாமல் எழுந்து போனால், அடுத்து வருபவர் அவருடைய பாங்கு எண்ணைப் பார்க்கலாம். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சில தோட்டங்களில் தொழிலாளியின் கணக்கை எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஆபீஸ் குமாஸ்தா திறந்து கொடுக்கிறார். உதவி என்ற பெயரில் நடப்பதுதான். ஆனால் தொழிலாளி பண்டிலிருந்து எவ்வளவு எடுத்தான், யார் மேல் புகார் போட்டான் என்பதெல்லாம் நிர்வாகத்தின் கண்ணில் படும்படி அந்தச் செஷன் திறந்து கிடக்கலாம். ஆகவே, கால வரம்பே வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது தொழிலாளியின் பெட்டியைத் திறந்து வைக்கச் சொல்வதாகும்.

நாம் கேட்பது வேறு. பூட்டைப் பூட்டுவதற்கும் பெட்டியில் இருந்ததை எரிப்பதற்கும் வித்தியாசம் இல்லையா? நேரம் கடந்துவிட்டது, நீ யார் என்று மறுபடி கேள். நியாயம். அவள் மறுபடி தன்னை நிரூபித்ததும், விட்ட இடத்திலேயே, எழுதிய எழுத்து ஒன்றும் குறையாமல் பக்கத்தைத் திறந்து கொடு. இதுவும் நியாயம். ஒரு கட்டம் நிரம்பியதுமே அதைப் பேரேட்டில் நகலாக ஏற்றி வைப்பது இன்றைய தொழில்நுட்பத்தில் சாதாரண வேலை. இணைப்பு அறுந்தால் போனிலேயே தற்காலிகமாக வைத்திருந்து, இணைப்பு வந்ததும் அனுப்பவும் முடியும், பொதுக் கம்ப்யூட்டரில் மட்டும் அதைச் செய்யக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் ஆள் சும்மா இல்லை என்பதைப் பிரௌசர் இடையிடையே சர்வருக்குத் தட்டிச் சொல்ல வைப்பது சில வரி எழுத்துதான். பணத்தைப் பாங்குக்கு மாற்றும் கடைசிப் பக்கத்துக்குக் கடுமையான வரம்பு இருக்கட்டும். பெயர், ஊர், தகப்பன் பெயர் எழுதும் பக்கத்துக்கும் அதே வரம்பு ஏன்? பாதுகாப்பில் அக்கறை இருந்தால் செய்ய வேண்டியவை வேறு இருக்கின்றன. ஆள் உள்ளே நுழைந்த கணமே பழைய வில்லையை ரத்து செய்து புது எண் கொடுக்க வேண்டும். வில்லை சங்கேதப் பாதையில் தவிர வேறெங்கும் போகாமலும், பக்கத்தில் ஓடும் பிற நிரல்கள் அதைத் தொட முடியாமலும் முத்திரை குத்த வேண்டும். வெளியேறும் பொத்தானை அழுத்தினால் கையில் உள்ள சீட்டைக் கிழிப்பதோடு நிற்காமல் சர்வரில் உள்ள பக்கத்தையும் மூட வேண்டும். இவையெல்லாம் தொழில் தெரிந்தவர்கள் வெகு காலமாக எழுதி வைத்திருப்பவை. இவற்றைச் செய்யாமல், 20 நிமிஷத்தில் கிழவியை வெளியே தள்ளுவதைப் பாதுகாப்பு என்று சொல்வதை நாம் ஏற்க முடியாது.

உலகம் இதை யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இணையதளங்களை எல்லா மக்களும், உடல் ஊனமுற்றோரும் முதியோரும் உட்பட, பயன்படுத்தும்படி அமைப்பதற்குச் சர்வதேச விதிமுறைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதன்படி நேரம் முடியப் போகிறது என்று முன்கூட்டி எச்சரிக்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தி நேரத்தை நீட்டிக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி அவகாசம் தர வேண்டும். பத்துத் தடவையாவது நீட்டிக்க இடம் தர வேண்டும். இந்த விதி அடிப்படைப் படியில் இருக்கிறது. இந்திய சர்க்காரும் தன் இணையதளங்களுக்கான வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பில் இந்தத் தொகுப்பின் நடுப் படி வரைக்கும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே எச்சரிக்கை கொடுக்காமல் வெளியே தள்ளும் சர்க்கார் தளம் சர்க்காரின் சொந்த விதியையே மீறுகிறது. ஆனால் நமக்கு மிக மிகத் தேவையான விதி எது? மறுபடி நுழைந்ததும் எழுதியது இழப்பில்லாமல் தொடர வேண்டும் என்பது. அதுவும் அந்தத் தொகுப்பில் எழுத்தில் இருக்கிறது. இருந்தும் அது உச்சிப் படியில் வைக்கப்பட்டிருக்கிறது, கட்டாயமல்ல. வசதி உள்ளவனுக்கு அது ஒரு அலங்காரம். மலைத் தொழிலாளிக்கு அதுவே முதல் தேவை. அதைக் கட்டாயமாக்கு என்பதே நமது முதல் கோரிக்கை.

‘முடியுமா’ என்ற கேள்விக்கு நீலகிரியே பதில் வைத்திருக்கிறது. வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சென்னை ஐகோர்ட் 2024 ஏப்ரல் இறுதியில் உத்தரவிட்டது. மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. சில நாட்களில் தளம் எழும்பியது. கொரோனா காலத்து அனுபவம் கையில் இருந்தது என்பதும் உண்மை. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வேலை நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வாகனங்களுக்கே அனுமதி என்று வரம்பு வந்தபோது, அந்த எண்ணிக்கையை நாள்தோறும் கணக்கு வைக்கும் பொறுப்பும் அந்தத் தளத்தின் தலையில் விழுந்தது. மலையின் மூச்சுத் திணறலைக் குறைக்கும் இந்த ஏற்பாட்டை நாம் குறை கூறவில்லை. கோர்ட்டு கேட்டால், சுற்றுலாக் கார்களுக்காகச் சில நாட்களில் ஒரு பேரேடு தயாராகிறது. அப்படியானால் தோட்டத் தொழிலாளியின் ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு விட்ட இடத்தில் தொடரும் வசதியை வைக்க எத்தனை நாள் வேண்டும்? அந்த ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் ரூ. 1000 என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்த ஆயிரத்துக்காக வருஷந்தோறும் தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க வரும் முதியவர், திரை இரண்டு தடவை வெளியே தள்ளினால் பஸ் செலவிலும் சென்டர் கட்டணத்திலும் எவ்வளவு இழக்கிறார் என்பதைச் சர்க்கார் கணக்குப் பார்க்கட்டும்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். குக்கீ எப்போதுமே மறதிக்காரன் அல்ல. முதலாளிக்கு வேண்டியதாக இருந்தால் அது மறக்கவே மறக்காது.

1994 இல் அது பிறந்தபோது, இணையக் கடையில் கூடையில் போட்ட பொருளை நினைவில் வைத்திருக்கத்தான் பிறந்தது. ஆனால் விளம்பரக் கம்பெனிகள் விரைவில் அதன் வேறொரு உபயோகத்தைக் கண்டுகொண்டன. ஆயிரம் தளங்களில் ஒரே கம்பெனியின் விளம்பரம் இருக்கட்டும். ஆயிரம் தளத்திலும் அந்தக் கம்பெனி தன் வில்லையை நம் பிரௌசரில் போட்டு வைக்கிறது. காலையில் மருந்து தேடினோம், மத்தியானம் கடன் தேடினோம், இரவில் வேலை தேடினோம் என்பதெல்லாம் ஒரே எண்ணின் கீழ் ஒரே பேரேட்டில் சேர்கிறது. 1996 பிப்ரவரியில் லண்டன் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை எழுதிய பிறகுதான் இப்படி ஒன்று தங்கள் யந்திரத்தில் இருப்பதே ஜனங்களுக்குப் பரவலாகத் தெரிந்தது. இந்த விளம்பர வேவில் முன்னணியில் நின்ற டபிள்கிளிக் கம்பெனியை கூகிள் 310 கோடி டாலருக்கு விலை பேசியது 2007 இல். சிறு சீட்டுகளைச் சேர்த்து வைத்த பேரேட்டுக்கு அவ்வளவு விலை!

ஐரோப்பாவில் சட்டம் வந்தது, அபராதமும் விழுந்தது. குக்கீயை ஏற்பதற்கு ஒரு பொத்தான், மறுப்பதற்குப் பல பொத்தான்கள் என்று வைத்ததற்காகப் பிரான்ஸின் கண்காணிப்பு அமைப்பு கூகிளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. அயல் கம்பெனிக் குக்கீகளை அடியோடு ஒழிக்கப் போவதாகக் கூகிள் 2020 இல் அறிவித்தது. 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. தன் வருமானத்தின் அஸ்திவாரத்தைத் தானே இடிக்கும் முதலாளி எங்கே இருக்கிறான்? 2022 முதல் குரோம் பிரௌசரில் ஒரு குக்கீயின் ஆயுள் அதிகபட்சம் 400 நாள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அது தீருமுன் அந்தத் தளத்தை நாம் மறுபடி எட்டிப் பார்த்தால் புதிதாக 400 நாள் போட்டுக்கொள்ளலாம்.

தொழிலாளி தன் உரிமைக்காக எழுதியதை 24 நிமிஷத்தில் குப்பை என்று வீசும் அதே யந்திரம், அவன் எந்தச் செருப்பின் விலையைப் பார்த்தான் என்பதை 400 நாள் வைத்திருக்கிறது. யந்திரத்துக்கு வர்க்கம் இல்லை. அதன் ஞாபகத்துக்கு அளவு வைப்பவனுக்கு இருக்கிறது.

நம் நாட்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர மேலும் ஒன்றரை வருஷ அவகாசம் கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கார் பெயர் குறிப்பிட்டு அறிவிக்கும் தன் அங்கங்களுக்கு விலக்குக் கொடுக்க அச்சட்டத்தின் 17வது பிரிவு வழி வைத்திருக்கிறது. அதே 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் அமலாக்கி, 1951 ஆம் வருஷத்திய தோட்டத் தொழிலாளர் சட்டத்தை அதற்குள் கரைத்துவிட்டார்கள். அந்தத் தொகுப்புகள் ஆஜர்ப் பட்டியலையும் கூலிப் பதிவேட்டையும் கம்ப்யூட்டரில் வைக்க இடம் தருகின்றன. செக்ரோல் காகிதத்தில் இருந்தபோது சங்கத் தலைவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டினார். நாளைக்கு அது ஒரு பாஸ்வேர்டுக்குள் இருக்கும்போது அதைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு, எவ்வளவு நேரம், யார் எப்போது திருத்தினார்கள் என்ற தடம் இருக்குமா என்பதெல்லாம் இப்போதே சங்கங்கள் எழுப்ப வேண்டிய கேள்விகள்.

எனவே மாநில சர்க்காரிடமும் மத்திய சர்க்காரிடமும் நாம் கேட்பது இதுதான். தொழிலாளர் நலன், ஓய்வூதியம், சான்றிதழ் சம்பந்தமான எந்தத் தளமும் விட்ட இடத்தில் தொடரும் வசதி இல்லாமல் திறக்கப்படக் கூடாது. செஷன் முடிவதற்கு முன் தமிழில், பெரிய எழுத்தில் எச்சரிக்கை வர வேண்டும். ஓ.டி.பி. வருவதற்குத் தாமதமானால் நிரப்பிய பக்கம் அழியக் கூடாது. சர்க்கார் தளம் எதிலும் விளம்பரக் கம்பெனியின் வில்லை ஒன்று கூட இருக்கக் கூடாது. காண்டிராக்ட் கொடுக்கும்போதே இவற்றை ஒப்பந்தத்தில் எழுதி, தளத்தைத் திறக்குமுன் சென்னையில் குளிர்சாதன அறையில் சோதிப்பதை விட்டு, தேவாலாவிலும் கீழ்க்கோத்தகிரியிலும் மழை நாளில், உபயோகிக்கப் போகும் மக்களையே உட்காரவைத்துச் சோதிக்க வேண்டும்.

கிளைத் தோழர்களுக்கும் சங்க ஊழியர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. “தளம் வேலை செய்யவில்லை” என்று பொதுவாக எழுதிய மகஜர் அதிகாரியின் மேஜையில் தூங்கும். எந்தத் தளம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு உள்ளே போனோம், எந்தப் பக்கத்தில் எத்தனை மணிக்கு வெளியே தள்ளியது, எச்சரிக்கை வந்ததா, எழுதியது மிஞ்சியதா என்று ஒரு நோட்டில் குறியுங்கள். முடிந்தால் திரையைப் போனில் படம் எடுங்கள். வேலை முடிந்ததும் வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டே எழுந்திருக்கும்படியும், எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைச் சேமிக்க விடாதபடியும் தொழிலாளர்களுக்குச் சொல்லுங்கள். குறித்தவற்றை மாத முடிவில் தாலுகா கமிட்டி ஆபீஸில் சேர்த்தால், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் தொகுத்துக் கொடுக்கலாம். படம் எடுக்கும்போது ஆதார் எண்ணும் பாங்குக் கணக்கு எண்ணும் தெரியாமல் விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.